ரஷ்யன், இங்கிலீஷ் தினப்படி கேள்விகளை இயல்பா மாத்தறது எப்படி? திருவண்ணாமலை விடுதிக்கு ஒரு தாள் தயாராகுது

குடியாத்தம்_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். நான் ரஷ்யாவில் எம்பிபிஎஸ் நாலாம் வருஷம் படிக்கிறேன், லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன். எங்க பெரிய மாமா திருவண்ணாமலையில கிரிவலப் பாதை ஓரமா சின்னதா ஒரு தங்கும் விடுதி நடத்துறார். குளிர்காலம் வந்தா ரமணாசிரமத்துக்கு வர்ற ரஷ்யாக்காரங்க அவர்கிட்ட வந்து வாரக்கணக்கில் தங்குவாங்க. மாமாவுக்கு ரஷ்யன் ஒரு வார்த்தை தெரியாது. வர்றவங்களுக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். "ஒரு தாள் போட்டுக் குடு, கேள்வி எல்லாம் ரெண்டு பாஷையிலயும் இருக்கட்டும், விரலை வச்சுக் காட்டினா போதும்"னு கேட்டிருக்கார்.

செல்போன்ல போட்டு மாத்திப் பார்த்தேன். டீ குடிக்க விருப்பமான்னு இங்கிலீஷ்ல குடுத்தா "வி ஹத்தீத்யே பீத் ச்சாய்"னு வருது. இலக்கணம் சரிதான். ஆனா எங்க ஹாஸ்டல் சமையலறையில கெட்டில் வைக்கிற பொண்ணு அப்படிக் கேட்கவே மாட்டா. "ச்சாய் பூதிஷ்?", அவ்வளவுதான். பெரியவங்ககிட்டன்னா "ச்சாய் பூதெத்யே?". இதை அப்படியே இங்கிலீஷ் ஆக்கினா "நீ டீயா இருப்பியா"ன்னு ஆயிடுது. ரஷ்யன்லேர்ந்து இங்கிலீஷ் போனாலும் இடிக்குது, இங்கிலீஷ்லேர்ந்து ரஷ்யன் போனாலும் இடிக்குது.

எந்தப் பக்கத்திலேர்ந்து தொடங்கினா இயல்பா வரும்? இந்த வேலையைச் செஞ்சவங்க யாராவது இருந்தா வழி காட்டுங்க.

ஆம்பூர்_துபாஷி:

நல்ல காரியம் பண்றே பாப்பா. நான் எண்பதுகள்ல மெட்ராஸ்ல ரஷ்யன் படிச்சவன். அப்போ ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் சரக்கு சோவியத்துக்கு ரூபாய் கணக்கிலேயே போகும். சரக்கைப் பார்க்க வர்றவங்களுக்கும் எங்க முதலாளிக்கும் நடுவுல பேசுறதுதான் என் வேலை. 1991ல சோவியத் உடைஞ்சதும் அந்த ஆர்டர் நின்னுபோச்சு. பாஷை நிக்கல.

நீ கேட்டதுக்கு என் பதில்: தமிழ்லேர்ந்து தொடங்கு. இங்கிலீஷ் வழியா ரஷ்யனுக்குப் போறது காட்பாடியிலேர்ந்து வேலூர் வர அரக்கோணம் சுத்திக்கிட்டு வர்ற மாதிரி.

தண்ணியையே எடுத்துக்கோ. வெளியூர்க்காரன் முதல்ல கேட்கறது அதுதான். "எத்து வதூ மோஷ்ன பீத்?" எத்து, இந்த. வதூ, தண்ணியை. மோஷ்ன, லாம். பீத், குடிக்க. "இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா?" "லாம்" மட்டும் "குடிக்க"வுக்கு முன்னால வருது, மத்தபடி நீ எதையும் உருட்ட வேண்டியதில்லை. நம்ம "லாம்" என்ன என்ன வேலை பார்க்குதோ, "மோஷ்ன" கிட்டத்தட்ட அத்தனையும் பார்க்கும். கதவைத் தட்டிட்டு "மோஷ்ன?"ன்னா "வரலாமா?", நாற்காலியைத் தொட்டு "மோஷ்ன?"ன்னா "எடுத்துக்கலாமா?". இங்கிலீஷ்காரன் இதையே கேட்கணும்னா தண்ணி பாதுகாப்பானதான்னு கேட்பான். "இஸ் திஸ் வாட்டர் சேஃப் டு டிரிங்க்?" அதுதான் அவனுக்கு இயல்பு. "இஸ் இட் பாசிபிள் டு டிரிங்க் திஸ் வாட்டர்"னு போட்டா குடிக்க முடியுமா முடியாதான்னு ஆராய்ச்சி பண்ற மாதிரி இருக்கும்.

சுடுதண்ணி: "கர்யாச்சய வதா யெஸ்த்?" சுடு, தண்ணி, இருக்கா. அதே வரிசை. டாய்லெட்: "க்த்யே ஸ்த்யேஸ் துவலேத்?" "எங்க, இங்க, டாய்லெட்?" நாமும் "இங்க டாய்லெட் எங்க?"ன்னுதான் கேட்கறோம். அந்த "இங்க" இங்கிலீஷ்ல தேவையே இல்ல. ரஷ்யாக்காரங்க இங்கிலீஷ் பேசும்போது "வேர் இஸ் ஹியர் டாய்லெட்"னு சொல்றது அதனாலதான். மாமாகிட்ட சொல்லி வை, அப்படிக் கேட்டா அவங்க என்ன கேட்கறாங்கன்னு அவருக்கு உடனே விளங்கும்.

"உங்களுக்கு என்ன வயசு?" ரஷ்யன்லயும் "ஸ்கோல்க வாம் லெத்?", வாம்னா உங்களுக்கு. எனக்குக் குளிருது, "ம்னே ஹோலத்ன". எனக்கு வேணும், எனக்குக் குளிருது, எனக்குப் பிடிக்குது, இந்த "எனக்கு" எல்லாம் ரஷ்யன்லயும் "ம்னே"தான். இங்கிலீஷ்ல மட்டும் "நான்" வந்து முன்னால நிக்கும். "உங்ககிட்ட இருக்கா?"வுக்கு "உ வாஸ் யெஸ்த்?". இங்கிலீஷ் "ஹேவ்" ஒண்ணை வச்சுக்கிட்டு ரஷ்யன் தேடினா பேசுறவங்க வாயில வராத ஒரு சொல்லுல போய் விழுவே.

அவங்களுக்கும் "தி", "வி"ன்னு ரெண்டு உண்டு, நீ, நீங்க. விடுதித் தாள்ல எல்லாமே "வி"யா இருக்கட்டும்.

காட்பாடி_டீச்சர்:

ஐயா சொல்வது அழகாக இருக்கிறது. முழுமையாக ஏற்க முடியவில்லை. நான் இருபது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் கற்பிக்கிறேன். நம் பிள்ளைகள் ஆங்கிலம் பேசும்போது சறுக்குவது தமிழிலிருந்து தொடங்குவதால்தான். தமிழை நடுவில் வைத்தால் ரஷ்யப் பக்கம் நன்றாக இருக்கும், ஆங்கிலப் பக்கம் "யுவர் குட் நேம் வாட்?" ஆகிவிடும். தாளைப் பார்க்கப் போவது ரஷ்யர்கள் மட்டுமில்லை. அதே விடுதியில் ஜெர்மன்காரர், பிரெஞ்சுக்காரர் ஆங்கிலத்தைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று. "உங்களுக்கு என்ன வயசு?" என்று தங்க வந்தவரிடம் ஏன் கேட்க வேண்டும்? பதிவேட்டுக்கு என்றால் பிறந்த தேதி போதும். மொழிபெயர்ப்பதற்கு முன் இந்தக் கேள்வி அந்த இடத்தில் கேட்கப்படுமா என்று பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லும் வரி ஒன்று வைத்தால் வயது, பெயர், ஊர் மூன்றும் முடிந்தது.

ஆம்பூர்_துபாஷி:

டீச்சரம்மா, பாஸ்போர்ட் விஷயம் சரி. வயசு வரியை எடுத்துடு பாப்பா.

தமிழ் நடுவில் இருக்கணும்னு நான் சொல்றது இங்கிலீஷுக்கு இல்ல. ரஷ்யனுக்கு இங்கிலீஷ் நடுவில் வரக்கூடாதுங்கறதுதான். இங்கிலீஷ் வரியை நீங்க எழுதுங்க. ரஷ்யன் வரியை நாங்க எழுதுறோம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்து எழுத வேண்டாம். தலைக்கு மேல தமிழ்ல "சாப்பாடு காரமான்னு கேட்கறது"ன்னு காரியத்தை மட்டும் போட்டுட்டா போதும்.

காட்பாடி_டீச்சர்:

இப்போது ஒத்துப்போகிறேன். ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்பு வாக்கியமாக இல்லாமல் காரியமாக இருக்கட்டும்: யார், யாரிடம், எங்கே நின்று கேட்கிறார். இந்தக் காரம் நல்ல உதாரணம். ஆங்கிலத்தில் "இஸ் இட் ஹாட்?" என்றால் சூடா, காரமா இரண்டும் ஆகும். நம் ஊர் ஓட்டல்காரர் "எஸ், வெரி ஹாட்" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிடுவார். தாளில் "ஸ்பைசி" என்றே எழுதுங்கள்.

குடியாத்தம்_மாணவி:

ஆமா டீச்சர், ரஷ்யன்ல ரெண்டுக்கும் தனித்தனிச் சொல். சூடுன்னா "கர்யாச்சி", காரம்னா "ஓஸ்த்ரி". சாப்பாட்டைக் காட்டி "எத்த ஓஸ்த்ரயே?"ன்னு கேட்பாங்க. காரியத்தைத் தலைப்பா வைக்கிற யோசனை ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னிக்கு ராத்திரி பழைய பட்டியலைத் தூக்கிப் போட்டுட்டு அப்படியே திருப்பி எழுதுறேன்.

கிரிவலம்_ஆட்டோ:

வணக்கம்ங்க. நான் படிச்சுக் கத்துக்கல, வண்டியில ஏத்திக்கினு போய் கேட்டுக் கேட்டு வந்தது. இந்தப் பாப்பா தாள்ல ஆட்டோ கேள்வியும் சேர்க்கணும்.

அவங்க வந்து நின்னா முதல் கேள்வி "ஸ்கோல்க த அஷ்ராமா?" ஆசிரமத்துக்கு எவ்ளோ. வேற எதுவும் சொல்ல மாட்டாங்க. நம்ம ஆளுங்க கேட்கற மாதிரியேதான். இறங்கும்போது "ஸ்கோல்க ஸ் மென்யா?"ம்பாங்க. ரெண்டுமே எவ்ளோதான், ஆனா முதல்ல கேட்கறது ரேட்டு, பின்னால கேட்கறது நான் எவ்ளோ குடுக்கணும்னு. கடையில பொருளைத் தூக்கிக் காட்டினா "ஸ்கோல்க ஸ்தோயித்". இந்த மூணையும் வேற வேற வரியில போடும்மா. ஒண்ணாப் போட்டா குழப்பிக்குவாங்க.

அப்பால இன்னொண்ணு. கோயில் வாசல்ல இறக்கி விட்டா "பதஜ்த்யோத்யே?"ன்னு கேப்பாங்க. வெயிட் பண்றீங்களான்னு அர்த்தம். ஒரே வார்த்தை. அதைக் கேட்டதும் தலை ஆட்டிட்டா நின்னுதான் ஆவணும், அவங்க நம்பிட்டுப் போயிடுவாங்க.

ஆம்பூர்_துபாஷி:

தம்பி, காது வழியா வந்த ரஷ்யன்தான் நல்ல ரஷ்யன். "ஸ் மென்யா"ன்னா "என்கிட்டேர்ந்து". கல்லாவுல நின்னு நாம "எவ்ளோ ஆச்சு?"ன்னு கேட்கற இடம் அது. இங்கிலீஷ்ல "ஹவ் மச் டு ஐ ஓ யூ?" சரி, ஓட்டல்னா பில்லைக் கேட்டாலே போதும்.

"பதஜ்த்யோத்யே"வுக்கு இங்கிலீஷ்ல "வில் யூ வெயிட்"டை விட "குட் யூ வெயிட் ஃபார் மீ?" நல்லாருக்கும். மரியாதை விஷயத்துல பாஷைக்குப் பாஷை வேற வழி இருக்கு. இங்கிலீஷ்காரன் "குட்", "வுட்" போடுவான், "ப்ளீஸ்" போடுவான். நாம "கொஞ்சம்" போடுவோம், "ங்க" போடுவோம். ரஷ்யாக்காரன் "இல்லை"யைப் போடுவான். வழி கேட்கறதுன்னா "நி பத்ஸ்காஜெத்யே, க்த்யே வக்ஸால்?" சொல்லுக்குச் சொல் "சொல்ல மாட்டீங்களா, ஸ்டேஷன் எங்கே?" அவன் காதுக்கு அது மிகப் பணிவு. அதையே "வோன்ட் யூ டெல் மீ"ன்னு மாத்தினா கேட்டவர் கோபமா இருக்கார்னு தோணும். அந்த "நி"யை இங்கிலீஷுக்குக் கொண்டு போகக்கூடாது. "குட் யூ டெல் மீ"ன்னு எழுதணும். பேனா கேட்கறதும் அப்படியே: "உ வாஸ் நியெத் ரூச்கி?", உங்ககிட்ட பேனா இல்லையா? அவர் இருக்குமோன்னு பணிவாக் கேட்கறார்.

திருப்பிப் போகும்போது இதைவிடக் கவனம் வேணும். இங்கிலீஷ்ல இருக்கிற "ப்ளீஸ்" எல்லாத்தையும் "பஜாலஸ்த"ன்னு கொட்டினா கெஞ்சுற மாதிரி ஆயிடும்.

வாணியம்பாடி_ஆறாம்வருஷம்:

தங்கச்சி, நானும் ரஷ்யாவிலதான், கடைசி வருஷம். விடுதித் தாளோட நிறுத்தாதே. கீழே நாலு வரி ஆஸ்பத்திரிக் கேள்வி சேரு. வந்தவங்களுக்கு வயிறு கெட்டா, காய்ச்சல் வந்தா, மாமாதான் கூட்டிட்டுப் போகணும். பெரிசா ஏதாவதுன்னா வேலூருக்குத்தான் வருவாங்க.

நம்ம படிப்பு 2021 நவம்பர்ல இந்தியாவோட தேசிய மருத்துவ ஆணையம் போட்ட விதிப்படி முழுக்க இங்கிலீஷ்ல, 54 மாசத்துக்குக் குறையாம இருக்கணும், அப்புறம் 12 மாசம் இன்டர்ன்ஷிப். ஆனா வார்டுல படுத்திருக்கிற பாட்டி இங்கிலீஷ் பேசாது. கேஸ் ஷீட் எழுத ரஷ்யன்ல கேட்டு, இங்கிலீஷ்ல வாத்தியார்கிட்ட சொல்லணும். தினம் ரெண்டு பக்கமும் மாத்துற வேலை. அதனால இது எனக்குப் பழக்கம்.

அங்கே டாக்டர் கேட்கற முதல் கேள்வி "நா ஷ்தோ ஜாலுயெத்யெஸ்?" சொல்லுக்குச் சொல் "எதைப் பத்திப் புகார் சொல்றீங்க?" யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, அதுதான் வழக்கம். அதை "வாட் ஆர் யூ கம்ப்ளெய்னிங் அபவுட்?"னு மாத்திட்டா, சும்மா எதுக்குப் புலம்பறேன்னு கேட்ட மாதிரி ஆயிடும். கேஸ் ஷீட்டுல "சீஃப் கம்ப்ளெய்ன்ட்"னு எழுதறோமேன்னு தோணும். எழுத்துல சரி, முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது "வாட் பிரிங்ஸ் யூ ஹியர் டுடே?" இல்ல "வாட்ஸ் தி பிராப்ளம்?" நம்ம ஊர்ல "என்ன பண்ணுது?" மூணும் ஒரே இடத்துல நிக்கிற கேள்வி. சொல்லுல ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை பாரு. கொஞ்சம் மென்மையா வேணும்னா "ஷ்தோ வாஸ் பெஸ்பகோயித்?" இருக்கு, உங்களை என்ன தொந்தரவு பண்ணுது.

"க்த்யே பலீத்?" எங்க வலிக்குது. ரெண்டு சொல், தமிழ் மாதிரியே. "தெம்பிராதூரா யெஸ்த்?" ஜுரம் இருக்கா. "டெம்பரேச்சர் இருக்கா"ன்னு அப்படியே இங்கிலீஷ்ல எழுதாதே, "டூ யூ ஹேவ் எ ஃபீவர்?" போடு. "ஸ்தூல்"னு வந்தா கவனம். ரஷ்யன்ல அது நாற்காலியும் ஆகும், மலமும் ஆகும். செல்போன் ஆப் நாற்காலின்னு எடுத்துக்கிச்சுன்னா வயித்துப்போக்குல துவண்டு கிடக்கிற ஆளுக்கு ஒண்ணுமே புரியாது. நம்ம "மோஷன் போனீங்களா?" நிக்கிற இடம் அது.

மாத்திரைக் கேள்விதான் எனக்கு முக்கியமாப் படுது. தமிழ்ல "மாத்திரை சாப்பிட்டீங்களா?"ன்னு ஒரே கேள்வி. ரஷ்யன்ல வினை ரெண்டா பிரியும். "வி ப்ரினிமாலி லெகார்ஸ்த்வ?"ன்னா இதுக்கு ஏதாவது மருந்து எடுத்தீங்களான்னு பொதுவாக் கேட்கறது. "வி ப்ரீன்யலி லெகார்ஸ்த்வ?"ன்னா எடுக்க வேண்டிய அந்த மாத்திரையைப் போட்டாச்சான்னு கேட்கறது. இங்கிலீஷ்ல அதே வித்தியாசம் வேற இடத்துல உக்காந்திருக்கு: "ஹேவ் யூ டேக்கன் எனி மெடிசின்?", "ஹேவ் யூ டேக்கன் யுவர் மெடிசின்?" ரஷ்யன் வினையை மாத்துது, இங்கிலீஷ் பக்கத்துல இருக்கிற குட்டிச் சொல்லை மாத்துது, தமிழ்ல நாம "ஏதாவது", "அந்த" சேர்த்துக்கறோம். அட்மிஷன்ல கேட்கறது முதல் கேள்வி. ராத்திரி ரவுண்ட்ஸ்ல நர்ஸ் கேட்கறது ரெண்டாவது. மாத்திப் போட்டா பதில் மாறிடும்.

குடியாத்தம்_மாணவி:

அண்ணா, நன்றி. ரெண்டு மருந்துக் கேள்வியும் தனித்தனி வரியா வரும். ஒரு சந்தேகம். "உங்களுக்கு சுகர் இல்லையே?"ன்னு நம்ம ஊர் நர்ஸ் கேட்கற மாதிரி "இல்லை" போட்டுக் கேட்கலாமா? ரஷ்யன்ல அது பணிவுன்னு துபாஷி ஐயா சொன்னாரே.

வாணியம்பாடி_ஆறாம்வருஷம்:

வழி கேட்க, பேனா கேட்க சரி. உடம்பு விஷயத்துல வேண்டாம்.

காட்பாடி_டீச்சர்:

இதை நான் விளக்குகிறேன், ஏனென்றால் இது விபத்து நடக்கும் இடம். "சுகர் இல்லையே?" என்று கேட்டால் நம்மவர் "ஆமாங்க" என்பார், இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆங்கிலேயர் அதே நிலையில் "நோ" என்பார். நம்மவர் ஆங்கிலத்தில் "எஸ்" என்று சொல்லிவிட்டால் கேட்பவர் சுகர் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ரஷ்யனில் எப்படி?

ஆம்பூர்_துபாஷி:

ரெண்டும் உண்டு டீச்சரம்மா. "வி நி கூரித்யே?", நீங்க புகை பிடிக்கறதில்லையே? பதில் "நியெத், நி கூர்யூ"ன்னும் வரும், "தா, நி கூர்யூ"ன்னும் வரும். இல்லை, பிடிக்கறதில்லை, ஆமா, பிடிக்கறதில்லை. ரெண்டும் ஒரே பொருள். பின்னால வினை வர்றதால அவங்களுக்குள்ள குழப்பம் இல்ல. ஆனா வெறும் "தா"வோட நிறுத்திட்டா நடுவுல நிக்கிற மொழிபெயர்ப்பாளன் திரும்பக் கேட்டே ஆகணும். நான் கான்ட்ராக்ட் பேசும்போது அப்படித்தான் செய்வேன். "சரக்கு இன்னும் வரலையா?"ன்னு கேட்டு "தா"ன்னு வந்தா, வந்ததா வரலையான்னு இன்னொரு முறை நேராக் கேட்டுட்டுத்தான் முதலாளிக்குச் சொல்வேன்.

ஆஸ்பத்திரித் தாள்ல எல்லாம் நேர்க் கேள்வியா இருக்கட்டும். "உ வாஸ் யெஸ்த் அலெர்கீயா?" உங்களுக்கு அலர்ஜி இருக்கா? பக்கத்துல "தா", "நியெத்" ரெண்டையும் பெரிசா அச்சடிச்சு வை. தொட்டுக் காட்டட்டும்.

ராணிப்பேட்டை_நைட்ஷிப்ட்:

ரெண்டு வரி மட்டும். மெஷின்ல மாத்துறவங்க வெறும் கேள்வியைக் குடுக்காதீங்க. முன்னால "ஓட்டல் வரவேற்பில் நிற்கும் வயதான விருந்தாளியிடம் கேட்கிறேன், பணிவாக" மாதிரி ஒரு வரி சேர்த்தா "தி"யா "வி"யாங்கற தடுமாற்றம் குறையும், ஸ்தூல் நாற்காலி ஆகாது. அப்புறம் வந்த ரஷ்யனை அப்படியே திருப்பித் தமிழுக்கு மாத்திப் பாருங்க. இங்கிலீஷுக்குத் திருப்பினா பழைய வாக்கியமே வந்து எல்லாம் சரின்னு காட்டிடும், தமிழுக்குத் திருப்பினா நீயா நீங்களான்னாவது வெளியில தெரியும்.

கிரிவலம்_ஆட்டோ:

ஒரு சந்தேகம். நான் எல்லாரையும் "கக் தெலா?"ன்னுதான் கேப்பேன். சிரிச்சிக்கினே பதில் சொல்றாங்க. ஆனா அதைத் தாள்ல போட வேணாம்னு ஒருத்தர் எங்கிட்ட சொன்னார். ஏன்?

ஆம்பூர்_துபாஷி:

நீ கேட்கறது தப்பில்ல தம்பி. உன்னை அவங்களுக்குத் தெரியும், நாலு நாள் உன் வண்டியில வந்தவங்க. இங்கிலீஷ் "ஹவ் ஆர் யூ" வணக்கம் மாதிரி, பதிலுக்குக் காத்திருக்கறதில்ல. "கக் தெலா" அப்படியில்ல. தெரிஞ்சவங்க தெரிஞ்சவங்களைக் கேட்கறது, பதிலும் வரும். "நர்மால்ன"ன்னு சொல்லிட்டு நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பாங்க. நாம "சாப்டியா?"ன்னு கேட்கறது வீட்டுக்கு வந்தவனுக்குப் பாசம், முன்பின் தெரியாதவன் பஸ்ல கேட்டா முழிப்போம். அதனால அச்சடிச்ச தாள்ல, புதுசா வந்த விருந்தாளிக்கு, "ஸ்த்ராஸ்த்வூய்த்யே" போதும். வணக்கம். கேள்வியே வேண்டாம். இங்கிலீஷ் பக்கம் "ஹலோ, ஹவ் ஆர் யூ?" இருக்கலாம். ஒரு பக்கம் கேள்வி, ஒரு பக்கம் கேள்வி இல்லை, ஆனாலும் இதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

காட்பாடி_டீச்சர்:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு ஐயா. விடுதிக்கு வருபவர்கள் இந்தியாவுக்கு வந்திருக்கிறார்கள். இங்கே நலம் விசாரிப்பது நம் வழக்கம். எல்லாவற்றையும் அவர்கள் ஊர் வழக்கத்துக்கே வெட்டிச் சுருக்கினால் நம் ஊரின் உபசரிப்பு அந்தத் தாளில் எங்கே இருக்கும்? "சாப்பிட்டீர்களா?" என்று மாமா கேட்கட்டுமே.

ஆம்பூர்_துபாஷி:

கேட்கட்டும். ஆனா "வி அபேதலி?"ன்னு கேட்டா மதியச் சாப்பாடு ஆச்சான்னு தகவல் கேட்கறார்னு நினைப்பாங்க. மாமா மனசுல இருக்கிறது "சாப்பிட வாங்க". அதைக் கொண்டு போகணும்னா "ச்சாய் பூதெத்யே?" கேட்கட்டும். ரஷ்ய வீட்டுல உபசரிப்பு கெட்டிலோடதான் தொடங்கும். டீயா காபியான்னா "வாம் ச்சாய் இலி கோஃபெ?", உங்களுக்கு டீயா காபியா. அதே வார்த்தை, அதே அன்பு.

காட்பாடி_டீச்சர்:

அது எனக்குச் சம்மதம். ஆங்கிலப் பக்கம் "வுட் யூ லைக் டீ ஆர் காஃபி?" என்று எழுதிக்கொள்ளம்மா. "டூ யூ வான்ட்" வேண்டாம். ஆனாலும் சாப்பாட்டுக் கேள்வி தமிழிலாவது தாளின் தலையில் இருக்கட்டும் என்பதே என் எண்ணம்.

குடியாத்தம்_மாணவி:

வச்சுடறேன் டீச்சர், தமிழ்ல பெரிசா.

உச்சரிப்பு பத்தியும் கேட்கணும். தமிழ் எழுத்துல எழுதி மாமாவைப் படிக்கச் சொன்னேன். "கர்யாச்சய வதா யெஸ்த்"னு தட்டையா வாசிக்கிறார். ஆமா இருக்குன்னு தகவல் சொல்ற மாதிரி இருக்கு, கேள்வியாவே இல்லை.

ஆம்பூர்_துபாஷி:

இதுதான் தமிழன் தடுமாறுற இடம், நல்லவேளை கேட்டே. நமக்கு "ஆ"ன்னு ஒரு எழுத்து கேள்வியைச் சுமந்துடும். எந்தச் சொல்லுல சேர்க்கறோமோ அதைத்தான் கேட்கறோம். "நீங்க நேத்து வந்தீங்களா?", "நீங்க நேத்தா வந்தீங்க?", "நீங்களா நேத்து வந்தீங்க?" மூணும் வேற. ரஷ்யன்ல "லி"ன்னு ஒரு ஒட்டு இருக்கு, ஆனா நேர்ப்பேச்சுல கொஞ்சம் எழுத்து வாடை அடிக்கும். பேச்சுல குரல்தான் கேள்வி. "வி விச்சிரா ப்ரியேஹலி?" சொற்கள் அதே வரிசை. வந்தீங்களான்னு கேட்டா "யே"யில குரல் சட்டுனு மேலே ஏறும். நேத்தான்னு கேட்டா "விச்சிரா"வோட "ரா"வில ஏறும். நீங்களான்னா "வி"யில. ஏறினதும் உடனே இறங்கிடும். கடைசிச் சொல் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகக்கூடாது.

எலேனா பிரிஸ்குனோவான்னு ஒரு ரஷ்ய ஒலியியல் அறிஞர் இந்தக் குரல் ஏற்ற இறக்கத்தை எண் போட்டு வகைப்படுத்தினாங்க. ஏழு வகை. கேள்விச் சொல் இல்லாத கேள்விக்கு மூணாவது வகை. எங்க, எப்ப, யாருன்னு கேள்விச் சொல் இருந்தா ரெண்டாவது வகை, அங்கே குரல் ஏற வேண்டியதில்ல. எங்களுக்கு டேப் போட்டு அதைத்தான் வாரக்கணக்கில் ஓட்டினாங்க. இங்கிலீஷ்ல ஆமா இல்லைக் கேள்விக்குக் குரல் பொதுவாக் கடைசியில ஏறும். அந்த ராகத்துல ரஷ்யன் பேசினா, கேட்கறவன் நீ இன்னும் முடிக்கலைன்னு காத்திருப்பான்.

தாள்ல ஒரு வழி இருக்கு. ஏற வேண்டிய எழுத்தைத் தடிமனா அச்சடி. சுடுதண்ணி வரியில "யெஸ்த்" தடிமனா இருக்கட்டும். மாமா அதை மட்டும் தூக்கிச் சொன்னாப் போதும்.

கிரிவலம்_ஆட்டோ:

ஐயா சொன்னது கரெக்டு. நான் காதுல கேட்டது அப்படித்தான், நடுவுல தூக்கி கீழ போட்ருவாங்க.

பாப்பா, வழி கேக்கற வரியை எழுதிட்டியா? மலை சுத்தறது 14 கிலோமீட்டர். சில பேரு நடக்கணும்னு வராங்க, சில பேரு வண்டிலயே போவணும்னு வராங்க. எப்படிப் போறதுன்னு கேட்டா நான் வண்டின்னு நெனச்சிக்கறேன், அவங்க நடக்கறதைக் கேக்கறாங்க.

வாணியம்பாடி_ஆறாம்வருஷம்:

அண்ணா, அவங்க கேள்வியிலேயே அது இருக்கு. "கக் ப்ரய்தீ?"ன்னா நடந்து எப்படிப் போறது. "கக் ப்ரயேஹத்?"னா வண்டியில எப்படிப் போறது. முதல் கேள்வி வந்தா கையைக் காட்டி வழி சொல்லுங்க, ரெண்டாவது வந்தா வண்டியை எடுங்க. இங்கிலீஷ் "ஹவ் டு ஐ கெட் தேர்?"ல அந்தப் பிரிவே இல்லை. அதனால இங்கிலீஷ்லேர்ந்து ரஷ்யனுக்கு மாத்துறவங்க கேட்டவரை ஒரு தடவை திருப்பிக் கேட்டே ஆகணும்: நடந்தா, வண்டியிலயா?

இன்னொரு பஸ் கேள்வியும் சேரு தங்கச்சி. கூட்டத்துல முதுகுக்குப் பின்னாலேர்ந்து "வி விஹோதித்யே?"ன்னு வரும். இறங்குறீங்களா. நம்ம வேலூர் டவுன் பஸ்ல "அடுத்த ஸ்டாப்புல இறங்குறீங்களா?"ன்னு கேட்கறதுக்கு என்ன அர்த்தமோ அதேதான், இல்லைன்னா வழி விடுங்கன்னு. இங்கிலீஷ்ல "எக்ஸ்கியூஸ் மீ, ஆர் யூ கெட்டிங் ஆஃப்?" அந்த எக்ஸ்கியூஸ் மீ இல்லைன்னா என் பயணத்தைப் பத்தி உனக்கென்னன்னு பார்ப்பாங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல "க்தோ பஸ்லேத்னி?", கடைசி ஆள் யாரு. நம்ம ஊர்லயும் அப்படிக் கேட்டுட்டுத்தான் போய் நிப்போம். இங்கிலீஷ்ல "இஸ் திஸ் தி எண்ட் ஆஃப் தி க்யூ?"

குடியாத்தம்_மாணவி:

எல்லாம் எழுதியாச்சு. தாள் ரெண்டு பக்கம் வந்திருக்கு. முன்பக்கம் விடுதி, சாப்பாடு, ஆட்டோ. பின்பக்கம் உடம்பு. ஒவ்வொரு வரியிலயும் இடது ஓரத்துல தமிழ்ல காரியம், அடுத்து ரஷ்ய எழுத்துல ஒரு வரி, அது கீழே தமிழ் எழுத்துல உச்சரிப்பு தடிமன் குறியோட, வலது ஓரத்துல டீச்சர் பார்த்துத் திருத்திக் குடுத்த இங்கிலீஷ். வழி கேட்கற இடத்துல ரெண்டு வரி, மருந்துக்கு ரெண்டு வரி, "எவ்ளோ"வுக்கு மூணு வரி. வணக்கத்துக்கு ரஷ்யன் பக்கம் கேள்வி இல்லை. வயசு இல்லை.

ஒண்ணு மட்டும் நிக்குது. ரூம் கதவுல ஒட்டற வரி. "சுத்தம் பண்ண உள்ளே வரலாமா?" இதை வேலை பார்க்கிற அக்கா தட்டிட்டுக் கேட்கணும். நீளமா ஒண்ணு எழுதி வச்சிருந்தேன்.

ஆம்பூர்_துபாஷி:

நீளம் வேண்டாம்மா. கதவைத் தட்டிட்டு "மோஷ்ன?" போதும். கையில துடைப்பம் இருக்கு, மிச்சத்தை அது சொல்லிடும். இங்கிலீஷ்காரர் ரூம்னா "ஹவுஸ்கீப்பிங்!", அது கேள்வியே இல்ல, ஆனா அங்கே அதுதான் கேள்வி.

கிரிவலம்_ஆட்டோ:

தாள் அடிச்சதும் எனக்கு ஒண்ணு குடும்மா, வண்டி கண்ணாடிக்குப் பக்கத்துல ஒட்டிக்கறேன். ஸ்டாண்டுல இருக்கிற மத்தவங்களுக்கும் நாலு வேணும்.